போனில் தயக்கம், மெயிலில் சுற்றிவளைப்பு: ஆங்கிலச் சொல் கற்பிப்பவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொடர்பில் இருந்து ஆர்டரை நடத்துபவராக) வேலை பார்ப்பவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். லேப் டிப் (சாயத் துணி மாதிரி), ஸ்ட்ரைக் ஆஃப் (பிரின்ட் மாதிரி), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), ஜி.எஸ்.எம். (துணியின் எடை அளவு), ஈ.டி.டி. (சரக்கு புறப்படும் உத்தேசத் தேதி) என்று தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனாலும் ஜெர்மனியிலிருந்து பையர் (ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர்) அழைத்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டிவிடுகிறார்கள். நான்கு வரி மெயில் எழுத அரை மணி நேரம் ஆகிறது.

இதைப் பார்த்ததும் ஆசிரியர்கள் செய்வது, இன்னும் ஐம்பது சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு பட்டியலாகக் கொடுப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல் அவர்களிடம் இருக்கிறது. அதை எந்த நேரத்தில், யாரிடம், எந்த வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்வது என்பதுதான் சொல்லோடு சேர்ந்து பதியவில்லை. பதியாமல் போனதற்கான காரணம் ஒவ்வொரு அறிகுறிக்கும் வேறு: ஒருவருக்குக் காது, ஒருவருக்குத் தமிழ் வாக்கிய வரிசை, ஒருவருக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர்.

முதலில் ஒரு சோதனை. ஒரே செய்தியை, உதாரணமாக "துணி வர மூன்று நாள் தாமதம், ஷிப்மென்ட் தேதியை மாற்ற வேண்டும்" என்பதை, ஒரு நாள் மெயிலாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதையே போனில் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் சரியாக வந்து பேச்சில் திணறினால் கோளாறு காதிலோ வேகத்திலோ இருக்கிறது. பேச்சு சரளமாக வந்து எழுத்து மட்டும் கோணினால் பழைய கடித வடிவம் குறுக்கே நிற்கிறது. இரண்டும் கோணினால் மட்டும் சொல்லும் வாக்கியமும் புதிதாகத் தேவை. இதைப் பார்த்துக்கொண்டு கீழே உங்கள் மாணவருக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம்.

மணி அடித்ததும் வாயடைத்துப் போகிறார்

எதிரில் ஆள் இருந்தால் முகம், உதடு, கை எல்லாம் பேச்சுக்குத் துணை நிற்கும். போனில் அவை எதுவும் இல்லை. புரியாத ஒரு சொல் வந்ததும் மாணவர் அதையே பிடித்துக்கொண்டு நிற்க, அடுத்த இரண்டு வாக்கியங்கள் கடந்து போய்விடுகின்றன. அதற்குப் பிறகு பயம் மட்டுமே மிஞ்சுகிறது.

பாடப்புத்தகங்கள் தொலைபேசிப் பாடத்தை வணக்கத்தில் தொடங்கும்: "குட் மார்னிங், மே ஐ ஸ்பீக் டு...". நான் அந்த வரிசையை மாற்றிவிட்டேன். வணக்கம் சொல்லத் தெரியாததால் எந்த அழைப்பும் கெட்டதில்லை. புரியாதபோது என்ன சொல்வது என்று தெரியாமல்தான் கெடுகிறது. எனவே முதல் வகுப்பிலேயே தப்பிக்கும் வாக்கியங்களைக் கொடுங்கள். அதிலும் "பார்டன்?", "கம் அகெய்ன்?" போன்ற மொட்டைக் கேள்விகள் வேண்டாம். அவற்றைக் கேட்டால் எதிர்முனை முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்லும், மறுபடியும் புரியாது. எந்த இடம் விட்டுப்போனது என்று சுட்டிக்காட்டும் வாக்கியம்தான் காப்பாற்றும்:

"சாரி, ஐ மிஸ்டு தி டேட்." (தேதி மட்டும் விட்டுப்போச்சு.)
"ஐ காட் தி குவான்டிட்டி, பட் நாட் தி கலர்." (எண்ணிக்கை கிடைத்தது, கலர் கிடைக்கவில்லை.)
"லெட் மீ ரீட் தட் பேக் டு யூ." (எழுதிக்கொண்டதை உங்களுக்குப் படித்துக்காட்டுகிறேன்.)
"குட் யூ ஆல்சோ சென்ட் மீ தட் பை மெயில்?" (இதை மெயிலிலும் அனுப்ப முடியுமா?)

பயிற்சி இப்படி: நீங்கள் ஒரு செய்தியைப் படியுங்கள். நடுவில் ஒரு சொல்லின்போது மட்டும் வேண்டுமென்றே இருமுங்கள், அல்லது காகிதத்தைக் கசக்குங்கள். எந்தச் சொல் போனதோ அதை மட்டும் மாணவர் கேட்டு வாங்க வேண்டும். "ஐ மிஸ்டு தி..." என்பது தானாக வரும்வரை விடாதீர்கள். இது கைவந்ததும் பயத்தில் பாதி போய்விடும். மீதிச் சொற்களைக் கற்க அப்புறம்தான் மனம் இடம் கொடுக்கும்.

இருவரை நேருக்கு நேர் உட்கார வைத்து டெலிபோன் உரையாடல் படிக்க வைப்பதால் பயனில்லை. முதுகோடு முதுகு உட்காரட்டும். இன்னும் நல்லது, ஒருவர் பக்கத்து அறைக்குப் போய் உண்மையான மொபைலில் அழைப்பது.

பெயரையோ ஸ்டைல் எண்ணையோ (ஆடை மாடலின் எண்) எழுத்துக்கூட்டிச் சொன்னால் எதிர்முனை தப்பாக எழுதிக்கொள்கிறது

இதில் பாதிப் பழி போனுக்கு. வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையை மட்டுமே கடத்தும். "எஸ்" என்ற எழுத்தையும் "எஃப்" என்ற எழுத்தையும் பிரித்துக் காட்டும் சீறல் ஓசை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் போனில் இவை இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். எச்.டி. வாய்ஸ் என்று சொல்லப்படும் புதிய அழைப்புகள் ஏறத்தாழ 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துவதால் தெளிவு கூடும். ஆனால் வெளிநாட்டு அழைப்பு எப்போதும் அந்தத் தரத்தில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

மீதிப் பாதி நம் நாக்கு. சொல்லின் தொடக்கத்தில் எகரம் வந்தால் முன்னால் ஒரு யகரத்தைச் சேர்த்துவிடுவது நம் பேச்சு வழக்கம். யெல், யெம், யென், யெஸ் என்று நான்கும் ஒரே மாதிரி தொடங்கினால் கேட்பவருக்குக் கடைசி மெய்யெழுத்து ஒன்றுதான் அடையாளம். அடுத்து, பேங்க்காக்கில் முதலாவதாக வரும் எழுத்தும் பாரிஸில் முதலாவதாக வரும் எழுத்தும். தமிழில் இரண்டையும் "பி" என்றுதான் எழுதுகிறோம். இரண்டு ஓசைக்கும் ஒரே எழுத்து வைத்திருக்கும் மொழியிலிருந்து வரும் காதுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது.

நாக்கைத் திருத்துவதில் மாதக்கணக்கில் நேரம் செலவழிக்காதீர்கள். சொல்லால் தீர்க்கலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1956 முதல் பயன்படுத்தும் எழுத்துச் சொற்கள் இருக்கின்றன: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்ட்டா என்று தொடங்கி ஜூலு வரை 26. அதில் ஒன்பதாவது எழுத்துக்குரிய சொல் "இந்தியா". எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். குழம்பும் எழுத்துகளுக்கு மட்டும் முதலில் கொடுங்கள்: பாப்பா – பிராவோ, மைக் – நவம்பர், சியரா – ஃபாக்ஸ்ட்ராட், டேங்கோ – டெல்ட்டா, விக்டர் – விஸ்கி. அவரவர் பெயருக்கும் கம்பெனிப் பெயருக்கும் வேண்டிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டால் போதும். கனிமொழி, தமிழ்ச்செல்வி, எழிலரசன் என்று ழகரம் உள்ள பெயர்க்காரர்கள் அந்த இடத்தில் வரும் ஆங்கிலக் கடைசி எழுத்தை "ஜூலு" என்று சொல்லிவிடலாம். அமெரிக்கருக்கு அது "ஸீ", பிரிட்டிஷ்காரருக்கு "ஸெட்". ஜூலு என்றால் இருவருக்கும் புரியும்.

எண்ணும் தேதியும் மாறிப்போகின்றன

பதின்மூன்றா முப்பதா, பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் உலகெங்கும் உண்டு. "டீன்" என்பதை அழுத்திச் சொல் என்று திருத்துவதைவிட, எண்ணை இரண்டு முறை இரண்டு விதமாகச் சொல்லப் பழக்குங்கள்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்." கேட்கும்போதும் இதே சூத்திரம்: "டிட் யூ சே ஃபிஃப்டி, ஃபைவ் ஜீரோ?" போன் நம்பர் சொல்லும்போது "டபுள் ஃபைவ்" என்பது நமக்கும் பிரிட்டனுக்கும் பழக்கம், அமெரிக்காவில் அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பக்கத்து பையர் என்றால் ஒவ்வொரு எண்ணாகச் சொல்வது நல்லது.

லட்சம் இன்னொரு பள்ளம். "ஒன் லேக் ஃபிஃப்டி தவுசண்ட் பீசஸ்" என்றால் ஐரோப்பியருக்குப் புரியாது. "ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட்." பத்து லட்சம் என்றால் ஒரு மில்லியன். எழுதும்போது 1,50,000 என்று காற்புள்ளி வைக்காமல் 150,000 என்று வைக்க வேண்டும். ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேரெதிர்: அவர்கள் மெயிலில் 1.500 என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை இல்லை. விலையும் எண்ணிக்கையும் புழங்கும் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. தேதியும் அப்படியே. 05/06 என்பது பிரிட்டனில் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தை எழுத்தால் எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே உண்டாக்கிவிடுங்கள்.

"யெஸ்" என்றார். ஆனால் அவர் சொல்ல வந்தது "இல்லை"

மற்ற எல்லாவற்றையும் விட இது ஆபத்து. காரணம், யாருக்கும் தப்பு நடந்ததே தெரியாது.

"மெயில் வரலீங்களா?" என்று தமிழில் கேட்டால், வராதவர் "ஆமாங்க, வரலை" என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது நம் முறை. ஆங்கிலத்தில் பதில் கேள்வியைப் பொறுத்து வராது, நடந்ததைப் பொறுத்து வரும். வரவில்லை என்றால் எப்படிக் கேட்டாலும் "நோ". "டிட்ன்ட் யூ கெட் மை மெயில்?" என்ற கேள்விக்கு மாணவர் "யெஸ்" என்றால், மெயில் வந்துவிட்டது என்று பையர் முடிவு செய்துகொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

இலக்கண விளக்கம் இங்கே அதிகம் உதவாது. ஒற்றைச் சொல் பதிலையே தடைசெய்துவிடுங்கள். என் வகுப்பில் எதிர்மறைக் கேள்விக்கு முழு வாக்கியம்தான் பதில்: "ஐ ஹேவ்ன்ட் காட் இட் யெட்", "ஐ காட் இட் திஸ் மார்னிங்". முன்னால் வரும் யெஸ்ஸோ நோவோ தப்பினாலும் பின்னால் வரும் வாக்கியம் காப்பாற்றிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ம் கொட்டுவது. எதிரில் ஒருவர் பேசும்போது "ம்", "சரிங்க", "ஆமாங்க" என்று இடையிடையே சொல்வது நமக்கு மரியாதை. சொல்லாமல் இருந்தால் "கேக்குறீங்களா?" என்பார்கள். மாணவர்கள் இதை ஆங்கிலத்தில் "ஓகே, ஓகே, யெஸ், யெஸ்" என்று ஆக்கிவிடுகிறார்கள். பையர் விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இப்படிச் சொன்னால் அவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். கேட்கிறேன் என்பதற்கு "ஐ சீ", "ரைட்". முடிவு என் கையில் இல்லை என்பதற்கு "ஐ அண்டர்ஸ்டாண்ட். லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ." கடைசி வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு ஆக்கிவிடுங்கள். ஒரு மெர்ச்சண்டைசரின் வேலையைக் காப்பாற்றும் வாக்கியம் அது.

மெயில் நீளமாக இருக்கிறது. என்ன வேண்டும் என்பது கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது

"அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்..." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் மறக்காத வாக்கியம். காரணம் முதலில், வேண்டுகோள் கடைசியில். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதும், காரணத்தைச் சொல்லிவிட்டு "அதனால..." என்று கேட்பதுதான் பண்பு என்று நாம் வளர்ந்ததும் இந்த வரிசைக்கு இன்னும் பலம் சேர்க்கின்றன. விளைவு: நூல் தட்டுப்பாடு, டையிங் யூனிட்டில் மின்வெட்டு, மழை என்று மூன்று பத்தி கடந்து, நான்காவது பத்தியில் "ஷிப்மென்ட்டை 20ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா" என்று வருகிறது. பையர் அதுவரை படிக்க மாட்டார்.

முதலில் சப்ஜெக்ட் வரி. "ரிக்வெஸ்ட்", "அர்ஜென்ட்", "ரெகார்டிங் ஆர்டர்" என்பவை எதையும் சொல்வதில்லை. எந்த ஸ்டைல், என்ன வேண்டும், எப்போதைக்குள் என்ற மூன்றும் அந்த ஒரே வரியில் இருக்க வேண்டும்: "ஸ்டைல் 4021, லேப் டிப் அப்ரூவல் நீடட் பை 12 ஜூன்". மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுவேலை, முழு மெயில் எழுதாமல் பத்து சப்ஜெக்ட் வரி மட்டும் எழுதிவருவது. நீட், கன்ஃபர்ம், அப்ரூவ், ரிவைஸ், போஸ்ட்போன் என்ற சொற்கள் அதிலேயே கைக்கு வந்துவிடுகின்றன.

அடுத்து, அவர்கள் எழுதிய பழைய மெயிலை அச்செடுத்து வரி வரியாகக் கத்தரித்துக் கொடுங்கள். பையர் எந்த வரியைப் படித்துவிட்டு ஏதாவது செய்ய வேண்டும்? அந்தத் துண்டை மேலே வைக்கச் சொல்லுங்கள். மீதியில் அவசியமானதை மட்டும் கீழே ஒட்டட்டும். கையில் துண்டுத்தாள் மிஞ்சுவதைக் கண்ணால் பார்க்கும்போது வேண்டாதது எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். இந்த வரிசைக்கு வேண்டிய சொற்கள் மிகக் குறைவு: "ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க்...", "குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்...", பிறகு "தி ரீசன் இஸ்..." அல்லது வெறும் "பிகாஸ்".

மரியாதையாகத்தான் எழுதினார். பையருக்கு அதட்டலாகப் பட்டது

கொங்கு நாட்டில் மரியாதை "ங்க"வில் இருக்கிறது. "அப்ரூவல் இன்னைக்கு வேணுங்க" என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதையே ஆங்கிலத்தில் "ஐ வான்ட் தி அப்ரூவல் டுடே" என்று ஆக்கினால் அந்த "ங்க" வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. மாணவருக்கு அந்தக் குறை தெரிகிறது, அதனால் "ப்ளீஸ்", "கைண்ட்லி", "சார்" மூன்றையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்க்கிறார். அப்போது கெஞ்சலாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் மரியாதை வினையில் இருக்கிறது. வான்ட் என்பது வுட் லைக் ஆக வேண்டும், கேன் என்பது குட் ஆக வேண்டும், கட்டளை கேள்வியாக வேண்டும். மூன்று படி போதும். வழக்கமான வேலைக்கு "குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் பை ஃப்ரைடே?" கொஞ்சம் பெரிய உதவிக்கு "வுட் இட் பி பாசிபிள் டு ஷிப் ஆன் தி ட்வென்ட்டியத்?" நம் பக்கம் தவறு இருந்து கேட்கும்போது "வீ வுட் ரியலி அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட்...". ஒரே வேண்டுகோளை மூன்று படியிலும் எழுத வைத்து, எந்தச் சூழ்நிலைக்கு எது என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள். தமிழிலேயே விவாதிக்கட்டும். இந்த இடத்தில் தமிழுக்குத் தடைபோடும் ஆசிரியர்கள் மாணவரின் யோசனையையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறார்கள்.

விளிப்பு பற்றிச் சுருக்கமாக: "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், படிப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம். மிஸ்டர், மிஸ் என்பவை குடும்பப் பெயரோடு வரும், நம்மூர் வழக்கப்படி முதல் பெயரோடு வராது. அவர் முதல் பெயர் மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் நாமும் அப்படியே அழைக்கலாம். நம் இனிஷியல் அவர்களுக்குக் குழப்பம் தரும், எனவே கையொப்பத்தில் எந்தப் பெயரால் அழைக்க வேண்டுமோ அதை முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

இந்தியாவில் சரி, வெளிநாட்டில் வேறு அர்த்தம்

"ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் நமக்குப் பதில் எழுதுங்கள். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் காதில் அது பழைய நிலைக்குத் திரும்புங்கள் என்று விழும். "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி கலர்" என்று எழுதினால் பழைய கலருக்கே போகச் சொல்கிறாரோ என்று பையர் யோசிப்பார். "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட்" என்றால் நமக்கு ஒரு சந்தேகம் கேட்கிறோம், அவருக்கோ தன் அளவுப் பட்டியலை நாம் நம்பவில்லை என்று படும். "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட்..." என்றால் தீர்ந்தது. "டூ தி நீட்ஃபுல்" என்றால் எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, செயலைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். "ப்ரீபோன்" என்பதற்கு "பிரிங் ஃபார்வர்ட்".

இவற்றைத் தப்பு என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள். சென்னைக்கோ மும்பைக்கோ எழுதும்போது இவை எல்லாருக்கும் புரியும் நல்ல ஆங்கிலம்தான். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து மாற்றிக்கொள்ள இரண்டாவது சொல் ஒன்று கையில் இருக்கட்டும், அவ்வளவுதான். பல வருடம் வேலை பார்த்தவரிடம் போய் நீங்கள் எழுதுவதெல்லாம் பிழை என்றால் அவர் எழுதுவதையே நிறுத்திவிடுவார்.

போனில் மட்டும் கேட்கும் சில உண்டு. "சொல்லுங்க" என்பது "டெல் மீ" ஆகி, கொஞ்சம் அதிகாரமாக ஒலிக்கிறது. "ஹவ் கேன் ஐ ஹெல்ப்?", நடுவில் என்றால் "கோ அஹெட்". "வச்சிரட்டுங்களா?" என்பது "ஷல் ஐ கீப் தி போன்?" ஆகிறது. அதற்குப் பதில் "இஸ் தேர் எனிதிங் எல்ஸ்?" என்று கேட்டு, நன்றி சொல்லி முடிக்கலாம்.

கெட்ட செய்தி என்றால் பதிலே போடுவதில்லை

இதைச் சோம்பேறித்தனம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். பல நேரம் சொல் இல்லாத குறைதான். தாமதத்தை நேராகச் சொல்ல வாக்கியம் கிடைக்காதபோது "வீ ஆர் ட்ரையிங் அவர் லெவல் பெஸ்ட்" என்று எழுதுகிறார்கள், அல்லது மௌனமாக இருக்கிறார்கள். பையருக்கு மௌனம் தாமதத்தைவிட மோசம். கப்பலில் அவர் பிடித்துவைத்த இடம், கடையில் அவர் குறித்த விற்பனைத் தேதி எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

நான்கு வாக்கியம் கொடுங்கள், இதே வரிசையில். "அன்ஃபார்ச்சுனேட்லி, வீ எக்ஸ்பெக்ட் எ டிலே ஆஃப் த்ரீ டேஸ்." "திஸ் இஸ் பிகாஸ் தி ஃபேப்ரிக் ஃபெயில்டு தி ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்." "தி ரிவைஸ்டு ஈ.டி.டி. ஃப்ரம் தூத்துக்குடி இஸ் 20 ஜூன்." "வீ வில் அப்டேட் யூ அகெய்ன் ஆன் மண்டே." காரணத்துக்கு ஒரே வரி. நாள் கணக்கு கட்டாயம். கடைசி வாக்கியத்தில் அடுத்த தகவல் எப்போது வரும் என்ற உறுதி இருக்க வேண்டும். மன்னிப்பு ஒரு முறை கேட்டால் போதும்.

"பை ஃப்ரைடே"யும் "அன்டில் ஃப்ரைடே"யும் குழம்புகின்றன

தமிழே இதைத் தீர்த்துவைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் பை, வெள்ளிக்கிழமை வரை என்றால் அன்டில். "க்குள்", "வரை" என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் அந்த வகுப்பு அத்தோடு முடிந்தது.

ஆனால் "எண்ட் ஆஃப் டே" என்று வந்தால் யாருடைய நாள் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நான்கரை. பிரிட்டன் நாலரையும் ஐந்தரையும். அவர்களுடைய ஐந்து மணிக்கு இங்கே இரவு எட்டரையோ ஒன்பதரையோ பத்தரையோ ஆகிவிடும். "பை ஃபைவ் பி.எம். யுவர் டைம்?" என்ற ஒரு கேள்வி போதும்.

ஹோல்ட் ஆன், ஹேங் ஆன், ஹேங் அப்: மூன்றும் கலந்துவிட்டன

இது மாணவர் குறை இல்லை, பாடத்தின் குறை. ஒரே நாளில் ஒரே பட்டியலில் கொடுத்ததால் வந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களைக் கூட்டமாகக் கற்றால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதை 1993இல் மொழி ஆய்வாளர் தாமஸ் டிங்க்கம் சோதித்துக் காட்டினார். 1997இல் ராப் வாரிங் அதே சோதனையை ஜப்பானில் செய்தபோதும் முடிவு அப்படியே வந்தது. ஆனாலும் பாடநூல்கள் "தொலைபேசி வினைகள்" என்று தலைப்பிட்டுப் பன்னிரண்டையும் ஒரே பக்கத்தில் அடுக்குகின்றன.

பிரித்துவிடுங்கள். இந்த வாரம் "ஹோல்ட் ஆன் எ செகண்ட்" மட்டும். அது பழகிய பிறகு, வேறொரு நாள், வேறொரு கதைக்குள் "ஷி ஹங் அப்". "ஹேங் ஆன்" கேட்டால் புரிந்தால் போதும், பேச வேண்டிய அவசியமில்லை. "புட் யூ த்ரூ", "கெட் த்ரூ", "கட் ஆஃப்" மூன்றுக்கும் இடையில் சில நாட்கள் விடுங்கள். அனுப்பியவர், பெறுபவர் போன்ற எதிர்ச்சொல் ஜோடிகளுக்கும் இதே விதி: ஒன்று உறைந்த பிறகே மற்றது.

வகுப்பில் வந்தது, அடுத்த வாரம் காணோம்

ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன் மேலேயே சோதித்துப் பார்த்து எழுதிவைத்தார்: கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்தில்தான் வேகமாக உதிர்கிறது. விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். முன்னால் உள்ள அறையை அடிக்கடி பார்க்க வேண்டும், பின்னால் உள்ளதை எப்போதாவது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டியே இதைச் செய்துகொள்ளலாம்.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் "போஸ்ட்போன்", மறுபக்கம் "தள்ளிவை" என்று எழுதினால் மறுபடியும் பட்டியலுக்கே வந்துவிட்டோம். முன்பக்கம் சூழ்நிலையைத் தமிழில் எழுதுங்கள்: "பையர் கூட்டம் நாளைக்கு. சாம்பிள் இன்னும் வரவில்லை. என்ன கேட்பீர்கள்?" பின்பக்கம் முழு வாக்கியம்: "குட் வீ போஸ்ட்போன் தி மீட்டிங் டு தேர்ஸ்டே?" அட்டையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் கணக்கில் சேராது.

வகுப்பில் வருகிறது, ஆபீஸில் வரவில்லை

வகுப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. என்னிடம் நன்றாக வேலை செய்வது, ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ஒரு மெயில். போன் முடிந்த பத்து நிமிடத்துக்குள் "ஃபாலோயிங் அவர் கால், ஐ வுட் லைக் டு கன்ஃபர்ம்..." என்று தொடங்கி, பேசியதை மூன்று வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். காதில் விழுந்த சொல் உடனே கையால் எழுதப்படுகிறது. போனில் ஏதாவது தப்பாகப் புரிந்திருந்தால் பையர் பதிலில் திருத்திவிடுவார், வேலையும் தப்பிக்கும். பையர் எழுதும் அந்தப் பதிலில் இருக்கும் வாக்கியங்களே அடுத்த வாரப் பாடத்துக்கு ஆகும். கம்பெனிப் பெயர், விலை, ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தயக்கம் மிகுந்தவருக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கலாம். அழைப்பதற்கு முன் மூன்று வாக்கியம் மட்டும் எழுதி போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்: நான் யார், எதற்கு அழைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். முழு உரையாடலையும் எழுதக் கூடாது. எதிர்முனை எழுதிவைத்த வரிசையில் பேசாது, சீட்டில் அடுத்த வரியைத் தேடும் நேரத்தில் கேட்பது நின்றுபோகும். சீட்டின் அடியில் ஒரே ஒரு தப்பிக்கும் வாக்கியம் இருக்கட்டும். முதலில் தெரிந்தவர்களுக்கு அழைப்பு: சென்னை அலுவலகத்துக்கு, பிறகு பையருடைய இந்தியப் பிரதிநிதிக்கு, அதன் பிறகு வெளிநாட்டுக்கு. முதல் வெளிநாட்டு அழைப்பு நல்ல செய்தியோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "தி சாம்பிள்ஸ் ஆர் ரெடி, வீ ஆர் சென்டிங் தெம் டுடே" என்பது போல ஒன்று. அந்த அழைப்பை எப்போது கொடுப்பது என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் இந்தப் படி நடக்காது.